மருந்துக்கடையில் ஒரு ஊமை நாடகம்

“சிரிச்சுகிட்டே கேளுங்க. அவர் இந்தப் பக்கம்தான் பார்த்துட்டிருக்கார்” என்றாள் அந்தப் பெண். “என் வீட்டுக்காரர் எங்கப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுட்டிருக்கார்னு நினைக்கிறேன்.”

அத்தை சிரித்தாள். ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே, யாருக்கோ குழந்தை பிறந்த செய்தியைக் கேட்டவளைப் போலச் சிரித்தாள். நானும் முயன்று பார்த்தேன். பல்வலிக்காரியின் முகம்போல ஆகியிருக்க வேண்டும். அத்தை மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

வரிசை மாறினால் எனக்குத் தலையும் புரியாது காலும் புரியாது. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அத்தைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம். எரிந்துபோன கடைகளுக்குள் நுழைந்து, தீ தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்தார்களா என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலை. கரியைப் பார்த்துப் பார்த்துக் கண் கறுத்துவிட்டது, வெள்ளையாக எதையாவது பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் இந்தக் குளிர்கால விடுமுறைக்குக் கிளம்பினாள். கோட்டைச் சுவருக்குள் கல் வீடுகள் தோளோடு தோள் இடித்து நிற்கிற, பிரெஞ்சு பேசுகிற பழைய நகரம். என்னைக் கூட்டி வந்தது பாசத்தினால் அல்ல. சாயங்கால வகுப்பில் நான் பிரெஞ்சு படிக்கிறேன் என்பதால். வந்து இறங்கியதும் ஒன்று தெளிவானது: எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சை இந்த ஊரில் யாரும் பேசவில்லை. அதைவிட நாலு மடங்கு வேகத்தில் வேறெதையோ பேசினார்கள்.

நாங்கள் தங்கியிருந்த விடுதி, ஒரு விதவை அம்மாள் நடத்தும் மூன்று மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. எங்களுக்கு இரண்டாம் மாடி. எங்களுக்கு மேலே இன்னொரு தமிழ்க் குடும்பம்: ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அவர் மகள், மாப்பிள்ளை.

முதல்நாள் சாப்பாட்டு மேஜையிலேயே அவர்கள் கதை எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் மகளைப் பார்த்து, “அந்த சார்கிட்ட உப்பைத் தள்ளச் சொல்லும்மா” என்றார். ‘அந்த சார்’ என்பது அவர் பக்கத்திலேயே, முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை. மாப்பிள்ளையும் மனைவியைப் பார்த்து, “மாமாகிட்ட சொல்லு, உப்பு இதோ” என்றார். இருவருக்கும் நடுவில் அந்தப் பெண் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் விரும்பி மணந்தது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. “மேலயும் கீழயும் போய்ட்டு வர்றதெல்லாம் ஒரு உத்தியோகமா?” என்று கல்யாணத்தன்று கேட்டதுதான் ஹெட்மாஸ்டர் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசிய கடைசி வார்த்தையாம்.

இந்தப் பயணம் மாப்பிள்ளையின் ஏற்பாடு. காலமெல்லாம் பூகோளம் நடத்தி, பனியைப் பற்றிக் கரும்பலகை நிறைய எழுதிய மனிதர், ஒருமுறைகூடப் பனியைத் தொட்டதில்லை. அதைக் காட்டினால் மனம் இளகும் என்று நினைத்திருக்கிறார்.

இளகவில்லை. ஆள்தான் படுத்துவிட்டார்.

“வந்த மறுநாள்லேருந்தே அப்பாவுக்குத் தாகம்” என்றாள் அந்தப் பெண், சிரிப்பை உதட்டில் ஒட்டவைத்தபடி. “ஜக்கு ஜக்கா தண்ணி குடிக்கிறார், பாத்ரூம் போறார், தூங்கறார். இன்னிக்குக் காலையில வாந்தி. சர்க்கரை உள்ளவர், அக்கா. தினம் இன்சுலின். ஒருநாள் விடல, அளவு மாத்தல. பின்ன எப்படி இப்படி ஆகும்?”

“மருந்து கெட்டிருக்கலாமே?” என்றாள் அத்தை.

அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு அவிழ்ந்து விழுந்தது. “மருந்து என் பொறுப்பு. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்துலேருந்து என் பொறுப்பு. கரண்ட் போனா ஈரத்துணி சுத்தி, விசிறிகிட்டே உட்கார்ந்திருப்பேன். ஒரு குப்பி என் கையில வீணானது கிடையாது. ஊசியைக் கண்டாத்தான் எனக்குக் கை நடுங்கும். அதனால குத்துறது மட்டும் அவர். எங்கப்பா மூஞ்சியைத் திருப்பிகிட்டுக் கையை நீட்டுவார், இவர் குத்துவார். நான் வச்சுக் காப்பாத்துற வரைக்கும் தப்பு இல்ல. அப்ப தப்பு எங்க நடக்குது?”

அத்தை ரொட்டியைக் கடித்தாள்.

“விடியறதுக்குள்ள எழுந்து பார்த்தேன், இவர் பக்கத்துல இல்ல. கீழ வந்தா, சமையலறைத் தொட்டியில ஒவ்வொரு குப்பியாத் திறந்து ஊத்திட்டிருக்கார். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால கொண்டுபோயிட்டார். கேட்டா, பெட்டி கை தவறி விழுந்து எல்லாம் உடைஞ்சிடுச்சாம். உடைஞ்ச கண்ணாடி ஒரு துண்டு காட்டட்டுமே! நான் சொல்றேன் அக்கா, அதுல மருந்து இல்ல. தண்ணி. தடயத்தை அழிச்சுட்டு, இப்ப புதுசு வாங்கிட்டு வர்றேன்னு கிளம்பறார். எதை வாங்கிட்டு வருவார்?”

“டாக்டரைக் கூப்பிட்டீங்களா?”

“வீட்டுக்காரம்மா போன் பண்ணியிருக்காங்க. கொட்டின பனியில தெரு அடைச்சிருக்காம், வண்டி எப்ப வரும்னு சொல்ல முடியாதாம்.” அவள் எழுந்தாள். “நான் மேல போய் அப்பாகிட்ட இருக்கேன். அவர் கையால இனி ஒரு சொட்டு எங்கப்பா உடம்புல ஏறாது. நீங்க… இந்த மாதிரி விஷயமெல்லாம் கண்டுபிடிக்கிறவங்கன்னு உங்க மருமக சொன்னா.”

அத்தை என்னைப் பார்த்தாள். நான் என் தட்டைப் பார்த்தேன்.

காபி இயந்திரத்தருகே நின்ற மாப்பிள்ளை, கோப்பையில் வாய் வைக்காமலே கீழே வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

“எழுந்திரு, மருமகளே” என்றாள் அத்தை. அண்ணன் மகளை மருமகளே என்று கூப்பிடுவது அவள் வழக்கம். என்னைக் கட்டிவைக்க அவளுக்கு மகன் கிடையாது என்பது வேறு விஷயம்.

*

வாடகைக் கோட்டுக்குள் அத்தை, சுருட்டிக் கட்டிய மெத்தை போலிருந்தாள். நானும் அப்படித்தான். இரண்டு மெத்தைகள் ஒரு ஆளைப் பின்தொடர்ந்தால் அவனுக்குத் தெரியாமலா போகும் என்று கேட்டேன்.

“பின்தொடரவே வேணாம். கீழ பாரு.”

புதுப் பனியில் ஒரே ஒரு ஆளின் காலடித் தடம் வளைந்து இறங்கிப் போனது.

“துப்பறியறதுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது, அத்தை. குற்றவாளியே கோடு போட்டுக் காட்டிட்டுப் போறான்.”

“குற்றவாளின்னு முடிவே பண்ணிட்டியா?”

“நான் எங்க முடிவு பண்றேன்? எல்லாம் அந்தப் பக்கம்தான் கைகாட்டுது. ஆறாத பகை. ஊசி அவர் கையில. மருந்தைக் கொட்டினார். பொய் சொன்னார்.” விரல்விட்டு எண்ண நினைத்தேன், கையுறைக்குள் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. “ஒருவேளை நான் தப்பா இருக்கலாம்” என்று வழக்கம்போல் சேர்த்துக்கொண்டேன்.

“விஷம் ஊத்துறவனை நான் கேள்விப்பட்டிருக்கேன். காரியம் முடியறதுக்கு முன்னாடி விஷத்தைக் கொட்டுறவனைக் கேள்விப்பட்டதில்ல. அப்புறம் இந்தத் தடத்தைப் பாரு. எட்டு எட்டா வச்சிருக்கான். இங்க வழுக்கி விழுந்து, கையை ஊனி எழுந்து, மறுபடி ஓடியிருக்கான். தப்பிக்க ஓடுறவன் எங்கயாவது நின்னு திரும்பிப் பார்ப்பான். இதுல ஒரு குதிகால்கூடத் திரும்பல.”

தடம் ஒரு கல் வளைவுக்கடியில் நுழைந்தது. அப்பால் செங்குத்தான படிக்கட்டு. கைப்பிடிக் கம்பியில் பனி விரற்கடை உயரம் உட்கார்ந்திருந்தது. ஒரே இடத்தில் மட்டும் அது வழித்து எடுக்கப்பட்டிருந்தது. மாப்பிள்ளை பிடித்த இடம். கீழே, சுவரின் விளிம்பைத் தாண்டி, ஆறு தெரிந்தது. ஓடவில்லை. உடைந்த தட்டுகளை அடுக்கியதுபோல் பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் மாடியில் ஒரு மனிதர் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அழகு எனக்கு ஒட்டவில்லை.

படிக்கட்டின் அடியில் பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தது. மருந்துக்கடை.

தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரு கதவு மாடத்தில் ஒதுங்கினோம். கடையின் முன்புறம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மாப்பிள்ளை. மேடைக்குப் பின்னால், நரைத்த முடியைத் தூக்கிக் கட்டிய மருந்துக்காரம்மா. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் மாப்பிள்ளை பேசவில்லை. அவருக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

பையிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்து உயர்த்தினார். பிறகு இரண்டு கைகளாலும் தன்னையே கட்டிக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கினார். பிறகு மேடைமேல் விரல்முட்டியால் தட்டினார், இரண்டு முறை. அடுத்து, முதுகை வளைத்துக் கிழவரானார். ஒரு டம்ளர், இன்னொரு டம்ளர், இன்னொன்று குடித்தார். கண்ணை மூடித் தலையைத் தொங்கப்போட்டார். கடைசியாகத் தன் மோதிர விரலைத் தொட்டுக் காட்டி, உதட்டின்மேல் விரலை வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டி, இரண்டு கைகளையும் கூப்பினார்.

நான் அத்தையின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன்.

“அத்தை, இதைவிட வெளிப்படையா யாரும் வாக்குமூலம் குடுக்க முடியாது. இந்தக் குப்பியில இருக்கறதைக் குடுத்தா கிழவருக்கு உடம்பு நடுங்கும். அப்புறம் கட்டையாயிடுவார். மேடையில தட்டினார் பாருங்க, அது சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கறது. மோதிர விரலைக் காட்டினது, என் பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாதுன்னு. தயவு பண்ணுங்க.”

“பிரமாதம்” என்றாள் அத்தை. “கொலைக்கு மருந்து கேட்டு, கும்பிடும் போட்டுட்டு, அந்தம்மா என்ன பண்றாங்கன்னும் பாரு.”

மருந்துக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு மேடையைச் சுற்றி வெளியே வந்தாள். மாப்பிள்ளையின் சட்டைக் கையைப் பிடித்து, கோட்டுகூடப் போடாமல், பக்கத்துக் கதவுக்குள் இழுத்துப்போனாள். கதவின்மேல் இருந்த பலகையை நான் எழுத்துக்கூட்டினேன். மருத்துவரின் கிளினிக். இது எங்கள் வகுப்பில் வந்த வார்த்தை.

“விஷம் கேட்டவனைக் கையைப் பிடிச்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறாங்களாமா?”

“அப்ப நான் தப்பா?”

“இன்னும் பாதிதான்.”

நின்றோம். என் இமைமயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அத்தை காலை மாற்றி மாற்றி வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு நாங்கள்தான் சந்தேகப் பேர்வழிகளாகத் தெரிந்திருப்போம்.

மாப்பிள்ளை வெளியே வந்தார். கையில் சின்னக் காகிதப் பொட்டலம். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் விசித்திரம். மூச்சு விட்டால் வெள்ளையாக உறைகிற அந்தக் குளிரில், தெரு நடுவில் நின்று, கோட்டைத் திறந்தார். ஸ்வெட்டரைத் தூக்கினார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பொட்டலத்தை வெறும் நெஞ்சோடு வைத்து, எல்லாவற்றையும் மறுபடி மூடிக்கொண்டார். கோட்டில் வெளிப்பக்கமே நாலு பை இருந்தது.

அத்தை ஆடுவதை நிறுத்தினாள்.

“காலையில உன் ஆரஞ்சு ஜூஸ் டப்பாவை மேஜையில எப்படித் தட்டிக் காட்டினே?”

அது ஒரு அவமானக் கதை. எங்கள் அறையில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஹீட்டர் மட்டும் அடுப்புபோல் காய்ந்தது. ஜூஸ் கெட்டுவிடக் கூடாதென்று நான் குளிருக்காக உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் போட்டிருந்த ஜன்னலின் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் டப்பாவை வைத்தேன். காலையில் அது செங்கல். அத்தை வயிறு வலிக்கச் சிரித்து, “உலகத்துலேயே பெரிய ஃப்ரிட்ஜுக்குள்ள வந்து உட்கார்ந்துகிட்டு இவ ஃப்ரிட்ஜ் தேடறா” என்று சொல்லியிருந்தாள்.

கதவு மாடத்தின் கல்லில் விரல்முட்டியால் தட்டினேன். இரண்டு முறை.

அதே தட்டு.

“உறைஞ்சிடுச்சு” என்றேன். “நடுங்கினது கிழவர் இல்ல. குளிர்னு சொன்னார். தட்டினது ஆணி இல்ல. மருந்து கல்லாயிடுச்சுன்னு சொன்னார்.”

“உறைஞ்ச இன்சுலின் செத்த இன்சுலின். உருகி மறுபடி தண்ணியா நின்னாலும் அதுல உசிரு இருக்காது. அதைத்தான் தினமும் அளவு பார்த்துக் குத்தியிருக்காங்க.” அத்தை தெருவைக் கடந்தாள். “தம்பி! கொஞ்சம் நில்லுங்க.”

மாப்பிள்ளை திரும்பினார். எங்களைப் பார்த்ததும் முதலில் நெஞ்சைத்தான் மூடிக்கொண்டார்.

“அவ அனுப்பினாளா?”

“ஆமா” என்றாள் அத்தை. “மருந்து உறைஞ்சது எப்பத் தெரிஞ்சுது?”

“விடியக்காலம். மாமா வாந்தி எடுத்தார். மருந்தைப் போட்டுடலாம்னு போய் எடுத்தா, எல்லாம் ஐஸ். வெந்நீர்ல காட்டி உருக்கித்தான் கொட்டினேன். மத்த நாள் நாங்க எழுந்திருக்கறப்ப வெயில் நேரா அடிச்சு உருகியிருக்கும் போல. பார்க்கத் தண்ணியாத்தான் இருந்துச்சு.”

“அதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே?” என்றேன் நான். “அவங்க உங்களைக் கொலைகாரன்னு நினைக்கிறாங்க, சார்.”

“நினைக்கட்டும்.”

“யார் அதை உறைய வச்சது?”

“தானா உறைஞ்சுது” என்றார், பனியைப் பார்த்துக்கொண்டு.

அத்தை தன் உத்தியோகத்தில் தினமும் கேட்கிற கேள்வி அது: தானாகவா, யாராவதா? இந்த ஒருமுறை அவள் அதைக் கேட்கவில்லை. “டாக்டர் என்ன சொன்னார்?” என்று மட்டும் கேட்டாள்.

“இதை உடனே போடணும்னு எழுதிக் காட்டினார். போட்ட கையோட ஆளை இங்க தூக்கிட்டு வரணும். வண்டிக்குக் காத்திருந்தா ஆபத்துன்னு கடைக்காரம்மா கையைக் காலை ஆட்டிக் காட்டினாங்க.”

“அப்ப எதுக்கு நிக்கறீங்க? நடங்க!”

ஏறும்போது நான் அத்தையின் காதருகே போனேன். “அத்தை, ஜன்னலோரம்—”

“தெரியும். உன் வாயிலேருந்து வராம இருக்கட்டும்.”

*

மூன்றாம் மாடிக் கதவு எங்களுக்காகத் திறந்தது. மாப்பிள்ளை வாசலில் கால் வைத்ததும், அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

“அங்கயே நில்லுங்க.”

“ஒரே ஒரு ஊசி. டாக்டர் குடுத்தது.”

“எந்த டாக்டர்? எந்த பாஷையில பேசினீங்க? பச்சைத் தண்ணி கேட்கக்கூடத் தெரியாது உங்களுக்கு.”

அவளுக்குப் பின்னால் கட்டிலில் ஹெட்மாஸ்டர் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. மூச்சு நீளநீளமாக, ஏதோ கனமான சாமானை இழுப்பதுபோல் வந்தது. அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை அறையில் இருந்தது. பழம் எதுவும் இல்லை; சர்க்கரை எல்லை மீறினால் மூச்சில் வரும் வாசனை அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அத்தை அதை முகர்ந்துவிட்டு, இதுவரை நான் கேட்டிராத குரலில் பேசினாள்.

“வழி விடும்மா. உன் வீட்டுக்காரர் மேல தப்பு இல்ல. நான் கண்ணால பார்த்தேன்.”

“குப்பியைக் கொட்டினதை நான் கண்ணால பார்த்தேனே!”

“அது கெட்டுப்போன மருந்து. குளிர்ல உறைஞ்சு வீணாப்போச்சு. அதனாலதான் கொட்டினார். அதனாலதான் உங்கப்பாவுக்கு இப்படி ஆச்சு.”

“உறையறதா?” அவள் சிரித்தேவிட்டாள். “இந்த அறையில வேர்க்குது, அக்கா. இங்க எப்படி உறையும்? அதுக்காகத்தானே நான் இருக்கறதுலேயே குளிர்ச்சியான…” நின்றாள். “எங்க உறைஞ்சுது?”

அத்தை கம்பளத்தின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தன் பூட்ஸிலிருந்து சொட்டுகிற நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூரை விளக்கைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு அறையில் மூன்று பேர் சேர்ந்தாற்போல் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பார்க்காமலிருந்தால், அது மூன்று பேரும் விரல் நீட்டுவதற்குச் சமம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

அவள் மெல்லத் திரும்பினாள்.

ஜன்னலின் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே பனிப்பூச்சு படர்ந்திருந்தது. இலை இலையாக, பூப்பூவாக. அடியில் மட்டும், ஒரு சின்னப் பெட்டியின் அளவுக்குச் சதுரமாக, பூச்சே இல்லாத இடம்.

“கீழ ஃப்ரிட்ஜ்ல கண்டவங்க கை படும்னு…” என்றாள். குரல் அங்கேயே அறுந்தது. அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். “தெரிஞ்சுதான் கொட்டினீங்களா? உடைஞ்சிடுச்சுன்னு சொன்னது…”

“உடைஞ்சதாவே இருக்கட்டும்னு நினைச்சேன்” என்றார் அவர், இன்னும் வாசலுக்கு வெளியே நின்றபடி. “மாமா நல்லா ஆனப்புறம் உனக்குத் தெரியவே வேண்டாம்னு.”

“நான் உங்களைக் கொலைகாரன்னு ஊரெல்லாம்—”

“ஊர் எங்க? ரெண்டு பேர்கிட்டதானே?”

கட்டிலில் அசைவு. ஹெட்மாஸ்டர் கண்ணைத் திறந்திருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. போர்வைக்கு வெளியே கை வந்தது. வழக்கம்போல் நீட்டினார். முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை.

“அந்த சாரை…” என்று தொடங்கியவர், நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். “மாப்பிள்ளை. உள்ள வாங்க.”

அவள் குறுக்கே நின்ற இடத்திலிருந்து நகரவில்லை, நகர மறந்திருந்தாள். அத்தைதான் அவளைத் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். மாப்பிள்ளை சட்டைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்தார். இரண்டு குப்பிகள். ஒன்றிலிருந்து ஊசியில் மருந்தை இழுத்து, வெளிச்சத்தில் அளவு பார்த்து, போட்டார். ஹெட்மாஸ்டர் ஊசியைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மூன்று மாடி இறங்க வேண்டியிருந்தது. போர்வைகளைச் சுற்றி, மாமனாரை முதுகில் ஏற்றிக்கொண்டார் மாப்பிள்ளை. முதல் திருப்பத்தில் ஹெட்மாஸ்டரின் குரல், பலவீனமாக, ஆனால் வகுப்பறைக் கண்டிப்போடு வந்தது.

“லிஃப்ட் இல்லாத இடமாப் பார்த்து யார் எடுத்தது?”

“நான்தான் மாமா.”

“லிஃப்ட் மெக்கானிக்கு.”

“ஆமா மாமா.”

அதற்குமேல் பேச அவருக்கு மூச்சு இல்லை. தலை மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்துவிட்டது. அந்தப் பெண் பின்னாலிருந்து அப்பாவின் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “அப்பா, தூங்காதீங்க. அப்பா” என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

கிளினிக் வாசலில் மருந்துக்காரம்மா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஹெட்மாஸ்டரை உள்ளே கிடத்தினார்கள், குழாய் பொருத்தினார்கள், எங்களை வெளியே தள்ளினார்கள். வெகுநேரம் கழித்து டாக்டர் வந்து நிறையச் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் புரிந்தது சரிதானா என்று எனக்கே நிச்சயம் இல்லை. இரண்டாம் முறை மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

“ஆபத்து தாண்டலையாம். ஆனா தாண்டிடுவாராம். இன்னும் கொஞ்சம் தாமதமாக் கொண்டுவந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டாராம்.”

அந்தப் பெண் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாப்பிள்ளை அவளுக்கு எதிரே குந்தினார். சட்டைக்குள் கையை விட்டு, மிச்சமிருந்த குப்பியை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

“இந்தா, வை.”

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “வேணாம். நீங்களே வச்சுக்கங்க. என்கிட்ட வேணாம்.”

“எனக்குக் குத்தத்தான் தெரியும். வச்சுக் காப்பாத்தறது நீதானே?”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நான் மறுபடி ஒரு விளக்கைத் தேடினேன். அத்தை இந்தமுறை பார்வையைத் திருப்பவில்லை.

கடைசியில் அவள் அதை வாங்கினாள். கோட்டைத் திறந்து, ஸ்வெட்டருக்குள், அதற்கும் உள்ளே, கழுத்தடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் அதன்மேல் குறுக்காகப் போட்டு அழுத்திக்கொண்டாள்.

நானும் அத்தையும் தெருவுக்கு வந்தோம். மறுபடி பனி விழத் தொடங்கியிருந்தது. காலையில் நாங்கள் பின்தொடர்ந்த தடம் பாதி மூடிவிட்டது.

“அத்தை, ஜூஸுக்குப் பதிலா என்கிட்ட மருந்து இருந்திருந்தா, நானும் அங்கதான் வச்சிருப்பேன்.”

“தெரியும்.”

எரிந்த கடைகளைப் பார்த்து முடித்து வெளியே வரும்போது அத்தை வழக்கமாக ஒரே வரியில் தீர்ப்பைச் சொல்லிவிடுவாள். இப்போதும், கோட்டுக் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சொன்னாள்.

“தானாப் பிடிச்ச தீ.”